சின்னத் தப்பு இருந்தா கைவேலையாம்... யாரு சார் சொன்னது?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்ல. ஆனா போன சனிக்கிழமை நடந்ததை எங்கயாவது கொட்டித் தீர்க்கலைன்னா எனக்கு பி.பி. ஏறிடும். உங்க தலையெழுத்து, படிங்க.

அம்மா கூட ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்டால்ல வெள்ளை வெளேர்னு ஒரு மேஜை விரிப்பு, முழுக்க லேஸ். "100% கைவேலை, குரோஷா" அப்படின்னு அட்டை. விலை 3,200 ரூபா. நான் உத்துப் பாக்குறதைப் பாத்துட்டு அங்க இருந்த பையன் ஓடி வந்தான்.

"சார், இந்தப் பூவைப் பாருங்க. லேசா கோணலா இருக்கா? மிஷின்னா எல்லாம் ஒரே அச்சா இருக்கும் சார். இந்தச் சின்னத் தப்பு தான் கைவேலைக்கு அடையாளம்."

நல்ல பையன். யாரோ சொல்லிக் குடுத்ததைச் சொல்றான். நான் அந்தக் கோணல் பூவுல விரலை வச்சு எண்ண ஆரம்பிச்சேன். எட்டாவது பூ கோணல். பதினாறாவது பூ கோணல். இருபத்து நாலாவது பூவும் கோணல், அதே பக்கம், அதே அளவு.

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு விளக்கவே வேணாம். லூப்புக்குள்ள பக் இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் அதே இடத்துல தான் அடிக்கும். மனுஷன் பண்ற தப்பு இப்படி எட்டுக்கு ஒருக்கா அட்டெண்டன்ஸ் போட்டுட்டு வராது. டிசைன் ஃபைல்லயே தப்பு இருக்கு. மிஷின் சொன்ன பேச்சைத் தட்டாம திரும்பத் திரும்பப் போட்டிருக்கு.

அந்தப் பையன்கிட்ட சொன்னேன். சிரிச்சான். "கஸ்டமர் யாரும் எண்ண மாட்டாங்க சார்."

"விடுடே, வா"ன்னு அம்மா இழுத்துட்டு வந்துட்டாங்க. நான் விடல. அதான் இந்தப் பதிவு :-)

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேப்பீங்க. லேஸுக்கும் சாஃப்ட்வேர்காரனுக்கும் என்னய்யா சம்பந்தம்? சம்பந்தம் எங்க ஆச்சி.

எங்க ஊர் நாகர்கோவில் பக்கம். ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கும்போதே லேஸ் பின்னக் கத்துக்கிட்டாங்க. உருண்டையா கெட்டியா ஒரு தலையணை, அது மேல புள்ளி குத்தின அட்டை, அட்டை முழுக்க குண்டூசி, ஊசிகளைச் சுத்திப் போற நூல், ஒவ்வொரு நூல் நுனியிலயும் ஒரு சின்ன மரக்கட்டை. அந்தக் கட்டைக்குப் பேரு பாபின். ஆச்சி உக்காந்து பின்னும்போது கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு மோதி டக டக டகன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கும். அந்தச் சத்தத்துல தான் நான் தூங்கியிருக்கேன்.

ஒரு நாள் வாங்கற ஏஜெண்ட், ஆச்சி கொண்டு போன பீஸை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "இது மிஷின்ல போட்டது மாதிரில்லா இருக்கு? கடைல வாங்கிக் கொண்டு வந்தியா?"ன்னு கேட்டிருக்கான். ஏன்னா அவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு. பாதிக் காசு தான் குடுத்தானாம். ரெண்டு வாரத்து வேலை.

அதுக்கப்புறம் ஆச்சி என்ன பண்ணாங்க தெரியுமா? ஒவ்வொரு பீஸ்லயும் ஒரு மூலைல வேணும்னே ஒரு பின்னலைத் தப்பா போட்டாங்க. இதை எங்கிட்ட சொல்லும்போது சிரிச்சுட்டே தான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

இருபது வருஷம் கை ஒழுங்கா வரணும்னு உழைச்ச ஒரு பொம்பளை, கை ஒழுங்கா வந்ததுக்கு அபராதம் கட்டியிருக்கா. அந்த அபராதத்தைப் போட்டது அந்த ஏஜெண்ட் மட்டும் இல்ல. "சின்னத் தப்பு இருந்தா தான் கைவேலை"ன்னு நாம எல்லாரும் நம்பிட்டு இருக்கோமே, அந்த நம்பிக்கை. கண்காட்சிப் பையன் சொன்னதும் அதே வசனம் தான். ஒரு பக்கம் அது நல்ல கைகாரியை மிஷின்னு சொல்லுது. இன்னொரு பக்கம் மிஷினைக் கைவேலைன்னு விக்குது. ரெண்டு பக்கமும் தப்பான விடை குடுக்கற டெஸ்டை எங்க ஆபீஸ்ல அன்னிக்கே தூக்கிக் கடாசிடுவோம். இதை மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையா காப்பாத்திட்டு இருக்கோம்?

சரி, மேட்டருக்கு வருவோம். ஊர்ல சுத்துற மூணு டெஸ்டை முதல்ல குப்பைல போடுவோம்.

ஒண்ணு, ஒழுங்கு. மேல சொன்னது தான். அட்டைல குத்தின புள்ளி தான் ஊசி எங்க நிக்கணும்னு முடிவு பண்ணுது. ஊசி நேரா நின்னா பின்னலும் நேரா நிக்கும். தேர்ந்த கை போட்டது அச்சடிச்ச மாதிரி தான் இருக்கும். மாறா, மிஷின் லேஸை நாலு தடவை துவைச்சு முறுக்கிப் பிழிஞ்சு காயப் போடுங்க. அது எப்படிக் கோணுதுன்னு பாருங்க.

ரெண்டு, நெருப்பு. "ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பாரு, காகிதம் எரியற வாசம் வந்தா கைவேலை, உருகினா மிஷின்." இது நூல் பருத்தியா நைலானான்னு சொல்லும். அவ்வளவு தான். பருத்தி நூல்ல ஓடற லேஸ் மிஷின் 200 வருஷமா இருக்கு. பாலியெஸ்டர் நூல்ல குரோஷா போடற அக்காக்களும் இருக்காங்க.

மூணு, மெல்லிசு. "இவ்ளோ மெல்லிசா கையால தான் முடியும்." கையால தடிமனா போடற லேஸும் உண்டு, சிலந்தி வலை மாதிரி போடற மிஷினும் உண்டு.

அப்ப என்ன தான் பாக்கணும்?

இதை நான் ஆச்சிகிட்டயே கேட்டேன். இப்போ அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆனா விரலால தடவிப் பாத்தே பாதி சொல்லிடுவாங்க. அவங்க சொன்ன பதில் ஒரே வரி: "நூலு எங்க போவுதுன்னு பாரு மக்ளே."

இதை விட நல்லா எந்த நிபுணரும் சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன். அழகைப் பாக்காதே, தப்பைப் பாக்காதே, நூலைத் தொடர்ந்து போ. ஏன்னா மிஷின் செய்யறவன் தோற்றத்தைத் தான் காப்பி அடிக்கிறான். பாதையை அவனால பெரும்பாலும் காப்பி அடிக்க முடியாது. கோடு படிக்கற மாதிரி தான் இதுவும். ஸ்க்ரீன் ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். உள்ளே திறந்து பாத்தா யார் எழுதினதுன்னு தெரிஞ்சுடும்.

நகைக்கடைக்காரர் கண்ணுல இடுக்கிப் பாப்பாரே, அந்த 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும். விலை கம்மி தான். அது இல்லைன்னா மொபைல் கேமராவுல முடிஞ்ச வரைக்கும் ஜூம் பண்ணுங்க.

முதல்ல கைவேலையோட பாதைகள். பாபின் லேஸ்ல ஒரு நேரத்துல கைல இருக்கறது நாலு கட்டை, அதாவது ரெண்டு ஜோடி. செய்யறதும் ரெண்டே ரெண்டு வேலை: நடுவுல இருக்கற ரெண்டையும் இடம் மாத்து, அப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கு. அவ்ளோ தான். ரெண்டே இன்ஸ்ட்ரக்ஷன் உள்ள ப்ராசசர்! அதை வச்சே மயில், பூ, கொடி எல்லாம் வந்துடும். லென்ஸ்ல பாத்தா பூவோட கெட்டியான பகுதி சாதாரணத் துணி நெய்த மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு கீழேன்னு தெரியும். முக்கியமா, இதழ் வளையும்போது நூலும் கூடவே வளைஞ்சு போகும்.

ஊசி லேஸ்னா எல்லாமே பட்டன் ஓட்டைக்குப் போடற காஜா தையல் தான். கீழே துணியே இல்லாம காத்துல போட்ட காஜா. குரோஷான்னா கொக்கி ஊசியால ஒரு கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணியை இழுத்து இழுத்துப் போறது. கடைசி நுனியைப் பிடிச்சு இழுத்தா வரிசையா அவிழ்ந்துட்டே வரும். (கடைல இழுத்துப் பாக்காதீங்க, அப்புறம் 3,200 ரூபா நீங்க தான் கட்டணும்.) டாட்டிங்னா குட்டிக் குட்டி முடிச்சு. அது இழுத்தாலும் அவிழாது.

இப்போ மிஷினோட பாதைகள். இங்கிலாந்துல ஜான் ஹீத்கோட் 1808, 1809ல வலை பின்னற மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினாரு. 1813ல நாட்டிங்காம்ல ஜான் லீவர்ஸ் இன்னொரு மிஷின் செஞ்சாரு. 1830கள்ல இருந்து அந்த மாதிரி மிஷின்களோட ஜக்கார்ட் அட்டை சேந்துச்சு. ஓட்டை போட்ட அட்டை! நம்ம தொழிலோட கொள்ளுத் தாத்தா அது தான். அட்டைல ஒரு ஓட்டை தப்பாப் போனா, ஒவ்வொரு பூவுலயும் அதே தப்பு. கண்காட்சிக் கோணல் பூவோட பூர்வீகம் இது.

லீவர்ஸ் லேஸைப் பாத்தா, கெட்டியான பகுதியில கோடு கோடா வரி தெரியும், மெல்லிசான கார்ட்ராய் துணி மாதிரி. பூ எந்தப் பக்கம் வளைஞ்சாலும் அந்த வரி ஒரே திசையில தான் ஓடும். பூவைச் சுத்தித் தடிமனா ஒரு நூல் ஓடினா, அது பல இடத்துல வெட்டி விடப்பட்டு நுனி நீட்டிட்டு நிக்கும்.

அடுத்தது ஷிஃப்லி. 1863ல சுவிட்சர்லாந்து ஐசக் கிரோப்லி கண்டுபிடிச்ச எம்ப்ராய்டரி மிஷின். ஒரு துணி மேல கெட்டியா தைச்சுட்டு, அப்புறம் அந்தத் துணியை மட்டும் கரைச்சுட்டா மிச்சம் லேஸ்! 1880கள்ல இருந்து இது நடக்குது. லென்ஸ்ல பாத்தா பின்னலே இருக்காது. நூல் இப்படியும் அப்படியும் ஜிக்ஜாக்கா குவிஞ்சு கிடக்கும், மேல் நூல் ஒண்ணு அடி நூல் ஒண்ணு, ஓரமெல்லாம் பொசுபொசுன்னு மயிர் மாதிரி. நான் பாத்த "குரோஷா" இது தான். அதுல ஒரு கண்ணி கூட இல்ல.

கடைசியா ராஷெல். இப்போ சுடிதார் ஓரத்துலயும் நைட்டியிலயும் வர்ற மலிவு லேஸ்ல பெரும்பாலும் இது தான். பின்னல் இல்ல, பனியன் மாதிரி கண்ணி. நீளவாக்குல சங்கிலி சங்கிலியா ஓடும்.

குரோஷா பத்தி ஒரு விஷயம் சத்தமா சொல்லணும். கையால போடற குரோஷாவை அதே கண்ணி அமைப்போட போட்டுத் தர்ற மிஷின் சந்தையில இல்ல. அப்போ உண்மையான குரோஷா எங்க பாத்தாலும், அது எவ்வளவு மலிவா கிடைச்சாலும், ஒரு மனுஷி கையால போட்டது. 300 ரூபாய்க்கு உண்மையான குரோஷா டாப் கிடைச்சா சந்தோஷப்படாதீங்க. அவளுக்கு என்ன குடுத்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

ஆச்சி டெஸ்ட் எப்பவும் ஜெயிக்குமா? இல்ல. ஜெர்மனியோட பார்மென் ஊர் பேருல ஒரு மிஷின் இருக்கு. அது நிஜமாவே பாபின் மாதிரி நூலை மாத்தி மாத்தித் தான் பின்னும். பாதையும் அதே. ஒல்லியான, எளிமையான ஓர லேஸ்னா பழகினவங்களே தடுமாறுவாங்க. தனித்தனியா செஞ்ச பூக்களைக் கொக்கி போட்டு இழுத்து இணைச்சிருந்தா கை. மீட்டர் மீட்டரா இணைப்பே இல்லாம ஒரே இறுக்கத்துல ஓடினா மிஷினா இருக்கலாம். "இருக்கலாம்" தான். அதே மாதிரி பாதிப் பாதியும் உண்டு. 19ம் நூற்றாண்டு ஹானிட்டன்லயே கையால செஞ்ச பூவை மிஷின் வலை மேல தைச்சாங்க. 2011ல கேட் மிடில்டன் கல்யாண கவுன்ல மிஷின் லேஸ்ல இருந்து பூக்களை வெட்டி எடுத்து, கையால ஒவ்வொண்ணா தைச்சிருந்தாங்க. அதுவும் பெரிய வேலை தான், யாரும் குறைச்சு மதிக்க வேணாம். ஆனா எது கை, எது மிஷின்னு பிரிச்சுச் சொல்லணும்.

இப்போ என் டீம்ல ஒருத்தன் கேட்டது. "மச்சி, பாக்க ஒரே மாதிரி இருக்கு. லென்ஸ் வச்சுப் பாத்தா தான் வித்தியாசமே தெரியுதுன்னா, அந்த வித்தியாசத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?"

நியாயமான கேள்வி தான். குடுக்க வேணாம் மச்சி. மிஷின் லேஸை மிஷின் விலைக்கு வாங்கு, ஜாலியா இரு. ஆனா நீ கைவேலை விலை குடுத்தே பாரு, அந்தக் காசு யாருக்குப் போச்சு? ஒரு பொம்பளை பின்னின மணிநேரத்துக்குன்னு நினைச்சு நீ குடுத்தே. அப்படி ஒரு மணிநேரமே நடக்கல. அவ பேரைச் சொல்லி வேற எவனோ வாங்கிட்டுப் போயிட்டான். அப்புறம் நிஜமாவே ரெண்டு வாரம் பின்னினவ சந்தைக்கு வந்தா, "இதே மாதிரி அங்க பாதி விலைக்குக் கிடைக்குதே"ன்னு அவகிட்டயே பேரம். திருட்டு நடக்கறது உங்கிட்ட இல்ல, அவகிட்ட.

அந்த மணிநேரத்துக்கு என்ன மதிப்புன்னு எங்க ஊருக்குத் தெரியும். 1819ல நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டோட மனைவி மார்த்தா தான் இங்க பொண்ணுங்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணுங்கள்ல அடிமைகளும் உண்டு. லேஸ் காசைச் சேத்து வச்சுத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலை ஆனவங்க இருந்திருக்காங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சது 1855ல. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தி நூலைப் பின்னி வெளியே வந்திருக்கா! மார்த்தாவோட மகள் எலிசா தான் ராபர்ட் கால்டுவெல் மனைவி. இடையன்குடிக்கு லேஸைக் கொண்டு போனவங்க. கால்டுவெல் எழுதின ஒப்பிலக்கணம் பத்தி நாம மாய்ஞ்சு மாய்ஞ்சு பேசறோம். அதே வீட்டுல இருந்து எலிசா கத்துக் குடுத்த தொழில் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆந்திரா நரசாப்பூர் கதை இன்னும் மோசம். அங்க குரோஷா போடற பெண்களைப் பத்தி மரியா மீஸ் 1982ல ஒரு புத்தகமே போட்டாங்க. உலகச் சந்தைக்கு ஏற்றுமதி ஆகுற பொருளைச் செய்யறவங்களை, "வீட்டுல சும்மா இருக்கறவங்க, பொழுதுபோக்கா பின்றாங்க"ன்னு சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைச்சு வச்சிருந்தாங்கன்னு அதுல விவரமா இருக்கு. 2024ல நரசாப்பூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம். ஆனா வாங்கறவனுக்குக் கண்ணிக்கும் ஜிக்ஜாக்குக்கும் வித்தியாசம் தெரியாத வரைக்கும் எந்த முத்திரையும் பாதி வேலை தான் செய்யும்.

"அப்போ நீ மிஷினுக்கு எதிரியா?"ன்னு கேட்டுடாதீங்க. மிஷின் போடற சோறு தான் நான் தின்றேன். 1816ல லஃப்பரோவுல லுட்டைட்டுகள் ஹீத்கோட் ஆலைக்குள்ள புகுந்து 55 மிஷினை உடைச்சாங்க. உடைச்சும் ஒண்ணும் ஆகல, அவர் டெவன்ல டிவர்ட்டனுக்குப் போய் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. அந்த மிஷினை அவர் எப்படிச் செஞ்சாரு தெரியுமா? கையால பாபின் லேஸ் பின்றதை உக்காந்து பாத்து, எந்த நூல் நேரா போகுது, எது குறுக்கே போகுதுன்னு பிரிச்சாரு. ஆச்சி சொன்னதையே தான் அவரும் செஞ்சிருக்காரு. அந்த மூளைக்கு நான் கை எடுத்துக் கும்புடுவேன். நல்ல லீவர்ஸ் லேஸ் நல்ல லேஸ் தான். அதை "லீவர்ஸ்"னு சொல்லி வித்தா ஒரு பிரச்னையும் இல்ல. பொய் அட்டை தான் பிரச்னை.

எங்க டீம்ல ஒருத்தர் இப்பல்லாம் மெயில்ல வேணும்னே ரெண்டு எழுத்துப் பிழை விடறாரு. கேட்டா, "இல்லைன்னா ஏ.ஐ. எழுதினதுன்னு மேனேஜர் நினைக்கிறாரு"ங்கறார். ஆபீஸே சிரிச்சுது. எனக்கு ஆச்சி ஞாபகம் தான் வந்துச்சு.

அதனால மக்கள்ஸ், அடுத்த தடவை "கைவேலை"ன்னு அட்டை பாத்தா மூணு கேள்வி கேளுங்க. எந்த முறை? பாபினா, ஊசியா, குரோஷாவா, டாட்டிங்கா? எந்த ஊர்ல போட்டது? முழுசும் கையா, இல்ல பாதியா? பதில் தெரியலைன்னா தப்பில்ல, அட்டையைக் கழட்டச் சொல்லுங்க. "சின்னத் தப்பு இருக்கு பாருங்க"ன்னு ஆரம்பிச்சா, அந்தத் தப்பு எத்தனை பூவுக்கு ஒருக்கா வருதுன்னு எண்ணிப் பாருங்க.

பி.கு: ஆச்சி கடைசியா போட்ட ஒரு கைக்குட்டை ஓரம் எங்கிட்ட இருக்கு. விக்கறதுக்குப் போட்டது இல்ல, எங்க அம்மாவுக்குப் போட்டது. நேத்து ராத்திரி லென்ஸ் வச்சு நாலு மூலையையும் தேடிப் பாத்தேன். ஒரு தப்பு கூட இல்ல.